சிறு அளவு கஞ்சா வழக்கு: சிறைக்குப் பதில் சிகிச்சை தரும் 64ஏ, 39 பிரிவுகள் எப்படி இருக்கின்றன? ஒரு மதிப்புரை

ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்ட பையனின் வீட்டாருக்கு நீதிமன்ற வாசலில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: "குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்." இந்த மதிப்புரை அந்த யோசனைக்கு எதிரானது. ஃபைன் கட்டினால் வழக்கு முடியும், உண்மைதான். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பாக முடியும். அதே என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்துக்குள், 1985-இல் வந்த அந்தக் கடுமையான சட்டத்துக்குள்ளேயே, போதைக்கு அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்பும் இரண்டு கதவுகள் உண்டு: 64ஏ, 39. யார் உள்ளே போகலாம், என்ன காகிதம் வேண்டும், எங்கே இடறும் என்று ஒரு சேவையை மதிப்பிடுவதுபோல் இரண்டையும் பார்ப்போம்.

தகுதி எடையில் தொடங்குகிறது. மத்திய அரசின் 2001 அக்டோபர் 19 அறிவிக்கைப்படி சிறு அளவின் எல்லை கஞ்சாவுக்கு 1 கிலோ, சரஸுக்கு (கஞ்சாப் பிசின்) 100 கிராம், ஹெராயினுக்கு 5 கிராம், கொக்கைனுக்கும் மெத்தாம்பெட்டமைனுக்கும் 2 கிராம், எம்.டி.எம்.ஏ.வுக்கு (எக்ஸ்டசி) அரை கிராம். இந்த எடையை விடக் குறைவாக இருந்தால்தான் சட்டத்தின் பார்வையில் அது சிறு அளவு. 900 கிராம் கஞ்சா என்றால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசாரணை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், சுருக்க முறையிலேயே நடக்கலாம். 1,100 கிராம் என்றால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம், சிறப்பு நீதிமன்றம். நாம் பேசும் இரண்டு கதவுகளும் அங்கே அடைத்துவிடும்.

அதனால் வக்கீல் முதலில் கையில் எடுக்க வேண்டியது, பிடிபட்ட பொருளைப் பற்றிப் போலீஸ் எழுதும் கைப்பற்றுதல் மகஜர். எடை பொட்டலத்தின் உறையோடு சேர்த்துப் போடப்பட்டதா? கஞ்சா என்பதற்குச் சட்டம் தரும் பொருள், பூத்த அல்லது காய்த்த நுனிகள். அந்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. பொடிகளுக்கு நிலைமை வேறு. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில், கலப்படப் பொருளோடு சேர்த்து மொத்த எடையையும் கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. "இதில் சுத்தமான சரக்கு ஒரு கிராம்தான்" என்ற வாதம் அதற்குப் பிறகு எடுபடுவதில்லை.

இரண்டாவது தகுதிதான் பலரைத் தடுக்கிறது. இரு பிரிவுகளுமே "அடிமையானவர்" என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. சட்டத்தின் 2-ஆம் பிரிவு அந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கம், போதைப்பொருள்மீது சார்புநிலை கொண்டவர் என்பது. எப்போதாவது நண்பர்களோடு இழுத்தவர் அதில் வரமாட்டார். தினமும் புகைத்து உடல் கெட்டவனுக்குச் சிகிச்சை, ஒருமுறை தொட்டுப் பார்த்தவனுக்குத் தண்டனை என்று போய் முடிகிறது இது. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுவே. நாடாளுமன்றம்தான் இதைத் திருத்த வேண்டும். மருத்துவரிடம் இல்லாத நோயை எழுதி வாங்குவது இதற்குத் தீர்வாகாது. அந்தச் சான்றிதழைக் குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

சார்புநிலை உண்மையாகவே இருந்தால் அதைக் காட்டும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். மனநல மருத்துவர் தரும் சான்றிதழில் நோயின் குறியீடு இருக்கும். கஞ்சாவுக்கு எஃப்12.1 என்றிருந்தால் "தீங்கு தரும் பயன்பாடு" என்று பொருள். எஃப்12.2 என்றால்தான் "சார்புநிலை". ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அது எஃப்11.2. அடக்க முடியாத ஆசை, கட்டுப்பாடு இழத்தல், நிறுத்தினால் உடல் படும் பாடு, போதை ஏற முன்பைவிட அதிக அளவு தேவைப்படுதல், மற்ற வேலைகளைக் கைவிடுதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் என்ற ஆறில் குறைந்தது மூன்று கடந்த ஓராண்டுக்குள் சேர்ந்து இருந்தால்தான் மருத்துவர் அந்தக் குறியீட்டைப் போடுவார். எந்த மூன்று என்று சான்றிதழிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். "போதைப் பழக்கம் உள்ளவர்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழை நம்பிப் போட்ட மனு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இனி 64ஏ. 2001 திருத்தத்துக்குப் பின் இன்றைய வடிவில் இருக்கும் இந்தப் பிரிவுதான் இரண்டில் உயர்ந்தது. போதைப்பொருளை உட்கொண்டதற்கான 27-ஆம் பிரிவிலோ சிறு அளவுக் குற்றத்திலோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்த முடியாது. தண்டனை மட்டும் நீங்குவதில்லை, வழக்கே நீங்குகிறது. நிபந்தனை ஒன்றுதான். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம்.

இதற்கு மனு போடும் நேரம் முக்கியம். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டை விளக்கி "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்கும் நாளுக்கு முன்பே மனு கோப்பில் இருக்க வேண்டும். பிணை கிடைத்த கையோடு சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். வணிக அளவு வழக்குகளுக்கு உள்ள 37-ஆம் பிரிவின் கடுமையான பிணை நிபந்தனை சிறு அளவுக்குப் பொருந்தாது. மருத்துவமனையில் சேரும்போது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 86-ஆம் பிரிவின்படி, நோயாளியே கையெழுத்திட்டுத் தானாகச் சேர்வதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தின் நகல்தான் "தானாக முன்வந்து" என்பதற்கு நேரடிச் சான்று. குடும்பத்தார் கையெழுத்தில் 89-ஆம் பிரிவின்படி சேர்த்திருந்தால், அரசுத் தரப்பு அதைச் சுட்டிக்காட்டி ஆட்சேபிக்க இடம் உண்டு.

மனுவின் வாசகத்திலும் கவனம் வேண்டும். "என்னிடம் கைப்பற்றப்பட்ட கஞ்சா" என்று எழுதினால் அது பாதி ஒப்புதல் ஆகிவிடும். "குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமல், எதிர்வாத உரிமையை விட்டுக்கொடுக்காமல்" என்ற வரியை முதல் பத்தியிலேயே சேர்க்க வேண்டும். மனு தள்ளுபடியானால் விசாரணையில் நிற்க அந்த வரிதான் துணை. எஃப்.ஐ.ஆரில் "விற்பனைக்காக வைத்திருந்தார்" என்று இருந்தால் ஆட்சேபம் வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவின் வாசகம் விற்பனையைத் தனியாக விலக்கவில்லை. ஆனாலும் பல பொட்டலம், தராசு, சில்லறைப் பணம் என்று மகஜரில் இருந்தால் நீதிபதியை நம்பவைப்பது கடினம்.

தாமதம் இதன் இன்னொரு பலவீனம். மும்பையில் 2001-இல் கைதான நடிகர் ஃபர்தீன் கானுக்கு 64ஏ விலக்கு கிடைத்தது 2012-இல்.

எந்த இடத்தில் சேர்வது என்பதில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. "மறுவாழ்வு மையம்" என்று பலகை மாட்டிய வீடெல்லாம் சட்டம் சொல்லும் நிறுவனம் ஆகாது. 2017 சட்டத்தின்படி போதைச் சிகிச்சையும் மனநலச் சிகிச்சையே என்பதால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுச் சான்றைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். சான்றைக் காட்ட மறுத்தாலும், நோயாளியை வீட்டார் பார்க்கவே கூடாது என்றாலும், மனநல மருத்துவர் எப்போது வருவார் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் அப்படியே திரும்பிவிடுங்கள். அங்கே மூன்று மாதம் அடைத்து வைத்துத் தரும் கடிதம் நீதிமன்றத்தில் செல்லாது, உடம்புக்கும் ஆபத்து. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, 2025-இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய "கலங்கரை" மையங்கள் ஆகியவற்றில் அங்கீகாரம் பற்றிய கேள்வியே எழாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவசத் தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.

நல்ல சிகிச்சை பெற்றவரையும் கவிழ்த்துவிடுவது அறிக்கை. கஞ்சாவை நிறுத்திய ஓரிரு நாளில் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். சிறுநீர்ப் பரிசோதனையின் கணக்கு வேறு. நீண்ட காலம் தினமும் புகைத்தவரின் உடல் கொழுப்பில் தங்கிய பொருள் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். கடைசியாகப் புகைத்து 30 நாள் கடந்தும் பாசிட்டிவ் வரலாம். சேர்ந்த மூன்றாம் வாரத்துப் பாசிட்டிவ் முடிவு விளக்கமில்லாமல் நீதிமன்றத்துக்குப் போனால், "உள்ளேயே புகைத்திருக்கிறார்" என்றுதான் படிக்கப்படும். சேர்ந்த நாளில் ஒன்று, பிறகு இடைவெளி விட்டுச் சில என்று எடுத்து, முடிவுகளை வரிசையாக அறிக்கையில் காட்ட வேண்டும். அளவு குறைந்துகொண்டே வருவது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஹெராயின் நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல். அவர்களுக்கு நிலையான சிகிச்சை நாவின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை. அதை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், எடுக்க வேண்டியிருக்கும். அந்த மருந்தும் என்.டி.பி.எஸ். பட்டியலில் இருப்பதால் "இன்னும் போதைமருந்து எடுக்கிறாரே" என்ற கேள்வி எழும். மருந்து மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுகிறது, அதை நிறுத்தினால்தான் பழைய பழக்கம் திரும்பும் என்று மருத்துவர் தெளிவாக எழுதித் தர வேண்டும். "சிகிச்சை முடிந்தது" என்றால் என்ன என்பதையும் அவரே வரையறுக்கட்டும். சட்டத்தில் அதற்கு நாள் கணக்கு கிடையாது.

39-ஆம் பிரிவு இரண்டாம் தரம்தான், ஆனாலும் உயிர்க்கயிறு. 64ஏ மனு தள்ளுபடியாகி, குற்றம் நிரூபணமான பிறகு வரும் கதவு இது. அடிமையானவரின் வயது, நடத்தை, முன்வரலாறு, உடல் மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, அவர் சம்மதத்தோடு, உடனே சிறைத்தண்டனை விதிக்காமல் நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்கு விடுவிக்கலாம். பத்திரம் எழுதித் தர வேண்டும், ஓராண்டுக்குள் சிகிச்சையின் முடிவு பற்றிய அறிக்கையோடு ஆஜராக வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், அதிகபட்சம் மூன்றாண்டுக்கு இனிக் குற்றம் செய்யமாட்டேன் என்ற பத்திரத்தோடு எச்சரித்து விடுவிப்பார்கள். அந்தக் காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால், நிறுத்திவைத்த தண்டனையைக் கேட்க வந்து நிற்க வேண்டும். குற்றவாளி என்ற தீர்ப்பு இதில் போகாது. 64ஏ-க்குக் கீழே வைப்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே பலர் தடுமாறுவது சட்டத்தின் 33-ஆம் பிரிவில். நன்னடத்தைச் சட்டம் 1958-ஐக் காட்டி "முதல் குற்றம், விட்டுவிடுங்கள்" என்று கேட்பது சாதாரண வழக்குகளில் எடுபடும். என்.டி.பி.எஸ். வழக்கில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கும், 26, 27 பிரிவுகளில் தண்டிக்கப்பட்டவருக்கும் மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தும். வைத்திருந்ததற்கான 20-ஆம் பிரிவில் வழக்கு என்றால் கிடையாது. அங்கே 39 ஒன்றுதான் வழி. பாரதிய நியாய சம்ஹிதையில் வந்த சமூக சேவைத் தண்டனையும் இங்கே பொருந்தாது. அது சிறு திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும்.

18 வயது ஆகாதவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015 இந்த வரிசையிலேயே மிகச் சிறந்த ஏற்பாடு. லாக்கப் கூடாது, சிறை கூடாது, வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, கூடவே போதை மீட்புச் சிகிச்சை என்று குழுமம் உத்தரவிடலாம். சிறு குற்ற விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், இரண்டு மாத நீட்டிப்புக்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வராது. ஆகவே வயதுச் சான்றை முதல் நாளே காட்டுங்கள். பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ போதும்.

இப்போது அந்த ஃபைன் யோசனைக்குத் திரும்புவோம். பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும், வாய்தாவுக்கு அலைய வேண்டாம், இரண்டும் உண்மையான வசதிகள். தினக்கூலிக்காரருக்கு அவை சின்ன விஷயமல்ல. ஆனால் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 31-ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் மறுபடி தண்டிக்கப்பட்டால் உச்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். சார்புநிலை உள்ளவர் சிகிச்சை இல்லாமல் ஃபைன் மட்டும் கட்டிவிட்டு வெளியே வந்தால் மறுபடி பிடிபட எல்லா வாய்ப்பும் உண்டு. அன்று சேமித்த அலைச்சல் இரண்டாவது வழக்கில் வட்டியோடு திரும்பும். வக்கீல் செலவு தடையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பும் பார்ப்பதில்லை. எண் 15100.

64ஏ உத்தரவு கிடைத்தால் அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு நகலாக. ஒன்றை வழக்குப் பதிவான காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்தின் கணினிப் பதிவில் வழக்கு "நிலுவை" என்றே நின்றுவிட்டால், பாஸ்போர்ட்டுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது அந்த ஒரு சொல்லே விண்ணப்பத்தை நிறுத்திவிடும்.