வாசல் மண்ணில் நான்கு வருடம்

2021 ஏப்ரலில் சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு பழைய தரைவீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அதுவரை வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுதான். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட்டு மிச்சமிருக்கும் ஓரத்தில் நாலு தொட்டி, அவ்வளவுதான் என் தோட்டம். இங்கே வீட்டு முன்சுவரை ஒட்டி ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெறும் மண் கிடந்தது. மண் கிடைத்த சந்தோஷத்தில் மே மாதமே நர்சரிக்குப் போய் நூற்றைம்பது சிங்கப்பூர் வெள்ளிக்குச் செடி வாங்கி வந்தேன். பத்து மணிப்பூ, ரோஜா, லாவெண்டர், இட்லிப்பூ, பாம்புச்செடி. பில் போடும்போது கடைக்கார அங்கிள், "வெயிலா, நிழலா?" என்று கேட்டார். "நல்ல வெயில்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. மே மாதத்தில் அங்கே நல்ல வெயில்தான். பத்து மணிப்பூ தரை முழுக்க ஆரஞ்சும் ரோஸுமாகப் பூத்தது, படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அக்டோபரில் பூ குறைந்தது. டிசம்பரில் தண்டு அழுகி நாற்றம் அடித்தது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன், இன்னும் வேகமாக அழுகியது.

அடுத்த வருடம்தான் புரிந்தது. எங்கள் வாசல் வடக்குப் பார்த்தது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே இருந்து விழுகிறது, மற்ற ஆறு மாதம் தெற்கே இருந்து. ஆக, ஆறு மாதம் என் மண்ணுக்கு வெயில். ஆறு மாதம் வீட்டின் நிழல். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பர், ஜனவரி இரண்டும் அந்த நிழல் மாதங்களில்தான் வருகின்றன. தமிழ்நாட்டு யூடியூப் சேனல்களைப் பார்த்துத்தான் நான் பழகினேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிற கணக்கு அந்த ஊருக்குச் சரி. இங்கே ஆடியும் மார்கழியும் ஏறக்குறைய ஒரே சூடு. மாறுவது வெயில் வரும் திசையும் மழையும்தான். வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் செடி வாங்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். தேசியப் பூங்காக் கழகத்தின் ஃப்ளோரா அண்ட் ஃபானா வெப் தளத்தில் ஒவ்வொரு செடிக்கும் எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

லாவெண்டரும் ரோஜாவும் முதல் வருடத்திலேயே போய்ச் சேர்ந்தன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, என் தப்புதான். இட்லிப்பூ கதை வேறு. சுவரை ஒட்டி நட்டேன். புதுத் துளிர் எல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. தோண்டியெடுத்துத் தொட்டியில் வைத்து, கேட்டுக்கு வெளியே வெயிலில் விட்டேன். மூன்று மாதத்தில் பச்சை திரும்பியது. இன்றும் பூக்கிறது.

இனி தரையை மூடும் செடிகள். என் பணமும் முதுகும் அதிகம் செலவானது இதில்தான். வெறும் மண் விட்டால் மழை அடித்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் களை வரும். இங்கே வழக்கமாகப் போடும் அகல இலைப் புல்லை முதலில் நினைத்தேன். ஆனால் ஐந்து மீட்டர் மண்ணுக்குப் புல் வெட்டும் இயந்திரம் வாங்குவதா என்று விட்டுவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி தண்டு கொடுத்தார்கள். மஞ்சள் பூ, பளபளவென்று இலை. என் மாமியார் பார்த்ததும், "மஞ்சக் கரிசலாங்கண்ணி! விடாதேம்மா, எண்ணெய் காய்ச்சலாம்" என்றார். நான்கு மாதத்தில் மண்ணே தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் பாம்புச்செடியின் மேல் ஏறி, வடிகாலுக்குள் இறங்கிவிட்டது. அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். அது வெடேலியா, அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. கரிசலாங்கண்ணிக்கு இலை நீளமாக, மடலில்லாமல் இருக்கும். இதற்கு மூன்று மடல். பூவை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறலாம். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் என்பதால், பிடுங்கும்போது ஒரு துண்டு விழுந்தாலும் மறுபடி முளைக்கும். இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து பிடுங்கினேன். எண்ணெய் காய்ச்சவில்லை என்று அத்தைக்கு இன்னும் என் மேல் வருத்தம்.

"எளிதில் சாகாது" என்று யாராவது செடி கொடுத்தால் இப்போது நான் கேட்கும் அடுத்த கேள்வி, "வேண்டாமென்றால் போகுமா?"

வெடேலியாவுக்குப் பதிலாக 2022 ஜூனில் பிண்டோ கடலை வைத்தேன். பிரேசில் நாட்டுச் செடி, நம் நிலக்கடலையின் உறவு. வேர்விட்ட தண்டுகளை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். இரண்டு மாதம் அப்படியே இருந்தது, ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் மூடிவிட்டது. வெயில் மாதங்களில் தினம் மஞ்சள் பூ. நிழல் மாதங்களில் பூ குறையும், இலை நிற்கும். பருப்பு வகை என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்துக்கொள்கிறது, உரமே போடுவதில்லை. சாயங்காலம் இலை மூடிக்கொள்ளும். பேரனுக்கு அதைக் காட்டி, "தூங்கப் போயிடுச்சு பாரு" என்பது அத்தையின் வழக்கம். குறை என்றால், வருடம் இரண்டு முறை ஓரத்தை வெட்ட வேண்டும். தினமும் மிதிக்கிற இடத்தில் வராது.

மழைநீர்க் குழாய் கொட்டும் மூலையில் அதுவும் வழுக்கையாகிவிட்டது. அங்கே வல்லாரை வைத்தேன், தேக்கா சந்தையில் வாங்கிய கீரைக் கட்டிலிருந்து வேரோடு இருந்த நாலு தண்டு. ஈரம் எவ்வளவு இருந்தாலும் அதற்குச் சரி. துவையலுக்கு வாரம் ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் அதைத் தேடி வருகின்றன. அவற்றில் மூளைக் காய்ச்சல் தரும் புழு இருக்கலாம் என்பதால் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. நன்றாகக் கழுவி, வதக்கித்தான் அரைக்கிறோம். நத்தையைப் பொறுக்கக் கையுறை.

பாம்புச்செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே போதும். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ செடியும் நன்றாக வருகிறது, வெட்டும்போது சாறு பட்டால் அரிக்கும். ஒரு தோழி கொடுத்த ப்ரொமீலியாட் செடியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இலைக்குடுவையில் மழைநீர் தேங்கும். கொசு முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். டார்ச் அடித்துப் பார்த்தபோது புழு நெளிந்ததை நானே கண்டேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நர்சரிக்குப் போகும் முன் ஒரு நாள் பஸ்ஸில் சும்மா சுற்றுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் நிழலில் நிற்பது எது, சாலை நடுவில் வெயிலில் காய்வது எது என்று பாருங்கள். ஆனால் நடைமேம்பாலங்களில் பூத்துத் தொங்கும் காகிதப்பூவைப் பார்த்து மயங்கி, என்னைப் போல் வடக்குச் சுவரில் வைக்காதீர்கள். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்தது முள் மட்டும்தான்.

போன வாரம் மழைநீர்க் குழாய்க்குப் பின்னாலிருந்து மூன்று மடல் இலை ஒன்று எட்டிப் பார்த்தது. அத்தை வருவதற்குள் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.