சப்சிடி டிராக்கர்: வேலை தருகிறோம் என்று சொல்லி வாங்கிய பணத்தின் கணக்கு

ஒரு பெரிய கம்பெனி ஓர் ஊருக்கு வருகிறது என்று அறிவிப்பு வந்தால் அதில் எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் கம்பெனியை வரவழைக்க அரசு எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்பது மட்டும் கடைசிப் பத்தியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அமெரிக்காவைப் பொறுத்தவரை அந்தத் தொகையை யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது சப்சிடி டிராக்கர் என்ற இணையதளம். தொழில், வேலைவாய்ப்பு, அரசுக் கொள்கை பற்றிப் படிக்கிற எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன், ஆனால் எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை நடத்துவது குட் ஜாப்ஸ் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு. கிரெக் லெராய் 1998ல் தலைநகர் வாஷிங்டனில் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு அது. தளம் வந்தது 2010ல். தேடிப் பார்க்கக் காசு கிடையாது. மாநில அரசு, உள்ளாட்சி, மத்திய அரசு என்று மூன்று மட்டத்திலும் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்ட வரிச்சலுகை, மானியம், கடன் எல்லாவற்றையும் அரசு ஆவணங்களிலிருந்து திரட்டி ஒரே இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

தேடல் பெட்டியில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டால் எந்த ஆண்டு, எந்த மாநிலம், எந்தத் திட்டத்தின் கீழ், எவ்வளவு என்று வரிசையாக வரும். ஒரு வரியைத் திறந்தால் அந்தத் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் இருக்கும். இது எல்லாத் தரவுத்தளமும் செய்கிற வேலைதான். இவர்கள் கூடுதலாகச் செய்திருப்பது துணை நிறுவனங்களைத் தாய் நிறுவனத்தோடு கோத்து வைத்திருப்பது, என்னைக் கேட்டால் தளத்தின் மொத்த மதிப்பும் அதில்தான் இருக்கிறது. ஏனென்றால் பெரிய கம்பெனிகள் பேரம் பேச வரும்போது பல நேரம் சொந்தப் பெயரில் வருவதில்லை. டெக்சாஸில் மிட்லோத்தியன் என்ற ஊரில் டேட்டா சென்டர் கட்ட வரிவிலக்கு கேட்டபோது கூகுள் வந்த பெயர் ஷார்கா எல்எல்சி. பத்தாண்டுகளில் 1 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள விலக்கு, ஊர்க்காரர்களுக்கோ எதிரே உட்கார்ந்திருப்பது கூகுள் என்று தெரியாது. இப்படிச் சிதறிக் கிடக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உரியவரோடு சேர்ப்பதற்குப் பின்னால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்தாலே மரியாதை வருகிறது.

மெகா டீல்கள், அதாவது மிகப் பெரிய சலுகை ஒப்பந்தங்கள் என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் அங்கே தொடங்குவது நல்லது. அதில் முதலில் கண்ணில் படுவது போயிங். 2013 நவம்பரில் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் அவசரமாகச் சிறப்புக் கூட்டம் கூடி, சில நாட்களிலேயே 2040 வரைக்குமான வரிச்சலுகைகளை நிறைவேற்றியது, மதிப்பு 870 கோடி டாலர். 777எக்ஸ் விமானத்தை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தச் சட்டத்தில் விமானத்தை இங்கேதான் செய்ய வேண்டும் என்று இருந்தது, இத்தனை பேரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் போயிங் அந்த மாநிலத்தில் 12,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. சட்டப்படி அதில் எந்தத் தவறும் கிடையாது, கேட்டவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டார்கள், கொடுத்தவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

நான் இந்தத் தளத்தை அதிகம் பயன்படுத்துவது ஒரே ஒரு வகுத்தல் கணக்குக்குத்தான்: கொடுத்த தொகையை வாக்களித்த வேலைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. வேலை எண்ணிக்கை சில பதிவுகளில் இருக்கும், பலவற்றில் இருக்காது, அப்போது அந்த நேரத்துச் செய்திகளைத் தேடிப் பார்க்க வேண்டும். 2017ல் அயோவா மாநிலத்தில் வாக்கீ என்ற ஊரில் ஆப்பிள் டேட்டா சென்டர் கட்ட மாநிலமும் ஊரும் சேர்ந்து கொடுக்க ஒப்புக்கொண்டது சுமார் 20.8 கோடி டாலர், வாக்களிக்கப்பட்ட நிரந்தர வேலைகள் 50. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் போகிறது. அந்த வேலையில் சேருகிறவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு சம்பளம் பார்ப்பாரா என்று கேட்டுக்கொள்ளலாம். டேட்டா சென்டர் என்பது கட்டும்போது நிறையப் பேருக்கு வேலை தரும், கட்டி முடித்த பிறகு மின்சாரமும் தண்ணீரும்தான் அதிகம் கேட்கும், ஆட்களை அல்ல. தொழிற்சாலைக்கு என்று யோசித்து வைத்த சலுகைகளை அப்படியே இதற்கும் நீட்டுவது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

இங்கேதான் தளத்தின் பெரிய குறையும் வருகிறது. இதில் இருக்கும் தொகைகளில் பல, கொடுப்பதாக அறிவிக்கப்பட்ட தொகை, கையில் போய்ச் சேர்ந்த தொகை இல்லை. தளத்தை நடத்துகிறவர்கள் இதை மறைக்கவில்லை, ஆனால் அவசரத்தில் பார்க்கிறவர்கள் கவனிக்காமல் எடுத்து எழுதிவிடுவார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் தைவான் மின்னணுக் கம்பெனியான ஃபாக்ஸ்கானின் கதையைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று தெரியும். 2017ல் வெள்ளை மாளிகையில் வைத்து அறிவித்தார்கள், 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை. மாநில அரசு சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாகச் சட்டம் போட்டது. மவுண்ட் பிளெசன்ட் என்ற சிற்றூரில் இடம், அங்கே ஊராட்சி சுமார் 2,800 ஏக்கரைச் சீரழிந்த பகுதி என்று அறிவித்தது, குடும்பங்கள் வீட்டை விட்டுப் போனார்கள், சாலை, குடிநீர்க் குழாய் எல்லாம் போட்டார்கள். எதிர்பார்த்த ஆலை வரவில்லை. வேலை எண்ணிக்கை இலக்கை எட்டாததால் மாநிலம் 2020ல் வரிச்சலுகையைத் தர மறுத்தது. 2021 ஏப்ரலில் ஒப்பந்தத்தையே மாற்றி எழுதினார்கள்: 67.2 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை, சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலர்.

ஆக, 300 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று யாராவது எழுதினால் அது தவறு. வேலை வந்தால்தான் பணம் என்று மாநிலம் போட்டிருந்த நிபந்தனை வேலை செய்தது, அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ஊராட்சியும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) நிலத்துக்கும் குழாய்க்கும் சாலைக்கும் முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவழித்துவிட்டன, அவர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. இடித்த வீடுகளும் திரும்பி வராது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அங்கே நிலம் வாங்கி டேட்டா சென்டர் கட்ட வந்தது, அதனால் ஊராட்சியின் நிதிநிலை கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம், 13,000 தொழிற்சாலை வேலைக்கு அது ஈடாகாது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரு அட்டவணை வரி சொல்லிவிடாது. அதனால் இந்தத் தளத்தில் ஒரு தொகையைப் பார்த்தால் அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு பின்னால் என்ன ஆனது என்று வேறு இடத்தில் தேடுங்கள்.

இன்னொரு விஷயம், தேடும்போது மாநிலத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள், அப்போதுதான் அரசுகள் ஒன்றோடொன்று போட்டி போடுவது கண்ணுக்குத் தெரியும். கான்சஸ் சிட்டி பெருநகரம் இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது, நடுவே ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை, ஒரு பக்கம் கான்சஸ், மறு பக்கம் மிசௌரி. பல ஆண்டுகளாகக் கம்பெனிகள் சலுகை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதும், அங்கிருந்து திரும்பி வருவதுமாக இருந்தன. வேலை செய்கிறவர் அதே ஆள்தான், வீடும் அதேதான், அலுவலகத்துக்குப் போகிற வழி மட்டும் மாறியது. இரண்டு அரசுகளும் இதைப் புதிய வேலைவாய்ப்பு என்று கணக்கில் எழுதிக்கொண்டன. 2019ல் இரண்டு மாநிலமும் சேர்ந்து இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க ஒப்புக்கொண்டன. வேறு மாநிலங்களும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றத்தான் செய்கிறது.

பெரிய சில்லறை வணிகத்தைப் பற்றித் தேடுகிறவர்கள் வால்மார்ட்டைப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தளம் வருவதற்கு முன்பே, 2004ல், வால்மார்ட் 100 கோடி டாலருக்கு மேல் அரசுச் சலுகை பெற்றிருப்பதை இதே அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. சின்னக் கடை வைத்திருப்பவரும் வரி கட்டுகிறார், அந்த வரி வருமானத்தை வைத்து நடக்கும் அரசுதான் அவருடைய போட்டியாளருக்குச் சலுகை தருகிறது. வால்மார்ட் வந்தால் வேலை கூடுமா குறையுமா என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. டேவிட் நியூமார்க் குழுவினரின் 2008 ஆய்வு, அங்கே ஒருவர் வேலைக்குச் சேரும்போது அந்த வட்டாரச் சில்லறை வணிகத்தில் சுமார் 1.4 வேலைகள் போகின்றன என்றது, எமெக் பாஸ்கரின் 2005 ஆய்வோ சில்லறை வேலைகள் கொஞ்சம் கூடுகின்றன என்றது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், ஒருவருக்கு மட்டும் அரசுப் பணம் போவது நியாயமில்லை என்பதுதான் என் நிலை.

சலுகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்ஜான் என்ற ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் டிமதி பார்ட்டிக் 2018ல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொன்னதை மறக்க முடியவில்லை: சலுகை பெற்ற கம்பெனிகளில் அந்தச் சலுகையால் முடிவை மாற்றிக்கொண்டவை 2 முதல் 25 சதவீதம் வரைதான். மற்றவர்கள் எப்படியும் அங்கேதான் வந்திருப்பார்கள். தொழில் பயிற்சிக்கும், சிறிய உற்பத்தியாளர்களுக்கு ஆலோசனை தருவதற்கும் செலவழிக்கும் பணம் இதைவிட நன்றாகப் பலன் தரும் என்பதும் அவர் கருத்து. சப்சிடி டிராக்கரைத் திறக்கும் முன் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் அங்கே இருக்கும் எண்களைப் படிக்கிற விதமே மாறிவிடும்.

அப்புறம் சில்லறைக் குறைகள். சில மாநிலங்கள் நிறையத் தகவல் தருகின்றன, சில மாநிலங்கள் தருவதே இல்லை, அதனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் நீளமாக இருந்தால் அது அதிகம் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதிகம் வெளியிட்டது என்றும் இருக்கலாம். தொகை வெளியிடப்படவில்லை என்று வரும் பதிவுகள் எரிச்சலூட்டும், பழி தளத்தின் மேல் இல்லை. கைபேசியைவிடக் கணினியில் பார்ப்பது வசதி.

முக்கியமாக, இந்தச் சலுகையால் யாருக்கு வருமானம் குறைந்தது என்பது இந்தத் தளத்தில் தெரியாது. அமெரிக்காவில் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது, தொழிற்சாலைக்குச் சொத்து வரி விலக்கு என்றால் பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் அடி. லூசியானாவில் மாநில வாரியமே உள்ளூர் வரியை விலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது, 2016ல்தான் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் பள்ளி வாரியங்களுக்கும் அதில் ஒரு குரல் கொடுத்தார். 2018ல் அந்த மாநிலத்தின் கிழக்கு பேட்டன் ரூஜ் ஆசிரியர்கள் எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபிலுக்கு விலக்கு தரக் கூடாது என்று வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள், 2019 ஜனவரியில் பள்ளி வாரியம் அந்தக் கம்பெனியின் கோரிக்கை ஒன்றை நிராகரித்தது. இந்தப் பக்கத்துக் கணக்கு வேண்டுமென்றால் அதே அமைப்பின் டாக்ஸ் பிரேக் டிராக்கருக்குப் போங்கள். 2015ல் அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சிக் கணக்குகளுக்கு விதி வகுக்கும் வாரியம் (GASB) விதி 77ஐக் கொண்டுவந்த பிறகு, வரிச்சலுகையால் இழந்த வருமானத்தை மாநிலங்களும் ஊர்களும் பள்ளி மாவட்டங்களும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டியிருக்கிறது, அந்த எண்களை அங்கே திரட்டி வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் பெயரை இங்கே தேடிவிட்டு, அது இருக்கும் ஊரின் பள்ளி மாவட்டத்தை அங்கே தேடுங்கள், இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தே பார்க்கலாம்.