காஸ்ட் யுடிஎல் வழிகாட்டுதல்கள் 3.0: கிறிஸ்தவ தொடக்கப்பள்ளிக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

யுடிஎல் (Universal Design for Learning) என்பது எல்லாப் பிள்ளைகளும் கற்கும்படி பாடத்தை முன்கூட்டியே வடிவமைக்கும் அணுகுமுறை. அமெரிக்கக் கல்வி நிறுவனமான காஸ்ட் (CAST) 2024 ஜூலையில் வெளியிட்ட யுடிஎல் வழிகாட்டுதல்கள் 3.0 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே பக்க அட்டவணையில் ஈடுபாடு, எடுத்துரைப்பு, செயலும் வெளிப்பாடும் என்று மூன்று பத்திகள். ஒவ்வொன்றிலும் மூன்றாக மொத்தம் 9 வழிகாட்டுதல்கள். பிள்ளையிடம் என்ன குறை என்று பார்க்காமல் பாடத்தில் தடை எங்கே என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. அந்த ஒரு வேலையை இது நன்றாகச் செய்கிறது. ஆனால் பாடத்தின் இலக்கு தெளிவாக இல்லையென்றால் சுவரில் ஒட்டி வைக்கத்தான் உதவும்.

மூன்றாம் வகுப்பு வேதபாடத்தில் நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொள்வோம்: வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, சமாரியன் ஒருவன் உதவிய கதை. வழக்கமான பாடக்குறிப்பு இப்படி இருக்கும்: லூக்கா 10:25–37 வாசித்தல், 27ஆம் வசனத்தை ஒப்புவித்தல், ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுதல். இதில் இலக்கே இல்லை, வழிமுறைகள்தான் இருக்கின்றன. டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) உள்ள பிள்ளை கதையைப் புரிந்துகொண்டாலும் வாசிப்பிலேயே தோற்றுப்போகும். ‘காயப்பட்டவனுக்குப் பிறனாக (அயலானாக) நடந்தது யார் என்பதைக் கதையிலிருந்து ஒரு செயலும் ஒரு காரணமும் காட்டிச் சொல்வது’ என்று இலக்கை மாற்றி எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் அட்டவணைக்கு வேலை வருகிறது. எளிய நடை மொழிபெயர்ப்பை ஒலிப்பதிவாகவும் தரலாம். ஆசாரியன், லேவியன், சத்திரம் ஆகிய மூன்று சொற்களையும் கதைக்கு முன்பே படத்தோடு அறிமுகப்படுத்தலாம். முதல் இருவரும் ஆலயப்பணி செய்பவர்கள் என்று தெரியாத பிள்ளைக்கு அவர்கள் விலகிப் போனதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது. விடையை எழுதலாம், வாயால் சொல்லலாம், ஆறு பட அட்டைகளை வரிசைப்படுத்திச் சுட்டிக்காட்டியும் விளக்கலாம். மதிப்பீடு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: ஒரு செயல், ஒரு காரணம்.

மனப்பாட வசனமே இலக்காக இருந்தால் அதிலும் தவறில்லை. ஆனால் வகுப்பின் முன் தனியாக நின்று, வேகமாகச் சொல்வது அந்த இலக்கில் சேராது. திக்குவாய் உள்ள பல பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் வெகுவாகக் குறையும். கூட்டாகச் சொல்வதை ஒரு தெரிவாக வைத்தால் போதும், தனிச் சலுகை என்று யாருக்கும் தோன்றாது.

பள்ளிகளில் இது சறுக்குவது பெரும்பாலும் அளவில்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று தெரிவு வைத்தால் ஆசிரியர் தயாரிப்பிலேயே களைத்துவிடுவார். கவனம் சிதறும் பிள்ளை தேர்வு செய்வதிலேயே பாடவேளையைக் கழித்துவிடும். தடை அதிகமுள்ள ஓரிடத்தில் இரண்டு தெரிவு போதும். அடுத்த சறுக்கல், ‘இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்’ என்று பிள்ளைகளைப் பிரிப்பது. யுடிஎல் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தப் பிரிவினைக்கு உறுதியான ஆய்வு ஆதாரமும் இல்லை.

3.0 பதிப்பில் சேர்ந்த மகிழ்ச்சியும் விளையாட்டும், ‘நாமும் இங்கே சேர்ந்தவர்கள்’ என்ற உணர்வு, பச்சாதாபம், உறவைச் சீர்செய்தல் ஆகியவை கிறிஸ்தவப் பள்ளிக்கு உடனே பிடித்துப்போகும். ஆபத்தும் அங்கேதான். காலை ஜெபத்தில் அன்பைப் பற்றிப் பேசியாயிற்று என்று டிக் அடித்துவிடத் தோன்றும். ஒலிபெருக்கியின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்தப் பேச்சால் பயன் இல்லை. ஒலியைக் குறைப்பதும், கதவருகே இடம் தருவதும், பாடல் வரிசையை முன்கூட்டியே படமாகக் காட்டுவதும்தான் உதவும்.

இந்த அட்டவணை கைவிடும் இடம் வேதபாடத்தின் உள்ளடக்கம். குணமாக்கும் கதைகளை எப்படி நடத்துவது என்று இதில் தேடினால் கிடைக்காது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ‘விசுவாசம் இருந்தால் பார்வை வரும்’ என்று வாய்தவறிச் சொன்னால், பிள்ளையின் விசுவாசத்தில் குறை என்றே அர்த்தமாகும். பார்வையற்ற பர்திமேயுவின் கதையில் (மாற்கு 10:46–52) சத்தமிடாதே என்று கூட்டம் அவனை அதட்டுவதையும், உனக்கு என்ன வேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்பதையும் மையமாக்கலாம். பிறவியிலேயே பார்வையற்றவனை இயேசு குணமாக்கும் யோவான் 9 நடத்தினால் 3ஆம் வசனத்தை விடவே கூடாது. பாவத்தால் வந்த குறை என்ற எண்ணத்தை இயேசுவே அங்கே மறுக்கிறார். வகுப்பில் சொல்லப்போகும் வாக்கியத்தைப் பாடக்குறிப்பிலேயே எழுதி வைப்பது பாதுகாப்பு. பிற சமயப் பிள்ளைகள் இருந்தால் ‘ஜெபம் எழுதுக’ என்பதோடு ‘நன்றி சொல்ல விரும்பும் ஒன்றை எழுதுக’ என்பதையும் சேருங்கள். மதிப்பெண் அறிவுக்குத்தான், விசுவாசத்துக்கு இல்லை.

பிரெயில் நூல், சைகைமொழி, பேச்சுப் பயிற்சி போன்ற தனிப்பட்ட தேவைகளுக்கும் இது மாற்று ஆகாது. பிரெயில் பாடங்களுக்குப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

பயன்படுத்த எளிய வழி: வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு அலகுக்கு ஒரு தாள். இலக்கு, தடை, மாற்றம், யார் தயாரிப்பது என்று நான்கு கட்டங்கள். நான்காவதைக் காலியாக விட்டால் பட அட்டை வகுப்புக்கு வந்து சேராது.

மொழிநடை கனமானது, தொடக்கப்பள்ளிக்கான எடுத்துக்காட்டுகளும் போதாது. தடையைக் கண்டுபிடிக்க 5க்கு 4, வேதபாடத் திட்டமிடலுக்கு 5க்கு 2. பதிவிறக்கும்போது பதிப்பு எண்ணைப் பாருங்கள்; 2018இல் வந்த 2.2 இன்னும் பல இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.