தண்டையார்பேட்டை வேலை வழிகாட்டு மையம்: வேலை வாங்கித் தந்த பிறகும் கேட்கிறார்கள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் இலவச வேலை வழிகாட்டு மையத்தில் என் அக்கா மகள் மூன்று மாதம் படித்தாள். முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேண்டுமென்றேதான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். இந்த மாதிரி இடத்தைப் பற்றி, சான்றிதழ் வாங்கிய வாரத்தில் யாரைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கடையில் திரும்பி வந்த சரக்கைக் கழித்துவிட்டுத்தான் விற்பனையைச் சொல்வோம். வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் பல இடங்களில், வேலையை விட்டு நின்றவர்களை அப்படிக் கழிப்பதே இல்லை. என் தம்பி மகன் முன்பு வேறொரு இடத்தில் படித்தான். கடைசி நாளே கையில் வேலைக் கடிதம் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வேலை பெருங்குடியில், இரவு ஷிப்ட், காண்ட்ராக்டர் மூலம். சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று. இரண்டாம் மாதமே நின்றுவிட்டான். ஆனால் 'வேலை பெற்றவர்கள்' என்ற பேனரில் அவன் படம் வெகுநாள் இருந்தது. ஏன் நின்றாய் என்று அங்கிருந்து ஒருவர்கூடப் போன் செய்து கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் அக்கா மகளைச் சேர்க்கப் போனபோது நான் முதலில் கேட்டது இதைத்தான்: "போன வருஷம் வேலைக்குப் போனவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க மேடம்?"

பொறுப்பாளர் ஒரு நீளப் பதிவேட்டை எடுத்தார். பெயர் இருந்த பத்தியை அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைக் காட்டினார். சேர்ந்தவர், முடித்தவர், வேலைக்குப் போனவர், அப்புறம் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் குறைகிறது. முப்பது பேர் அளவில் சேர்ந்த ஒரு பேட்சில் கடைசிக் கட்டம் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. விட்டுப் போனவர்களுக்கு நேரே காரணம் எழுதியிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம், ஷிப்ட் முடிய ராத்திரி பத்து ஆகிறது அதனால் வீட்டில் அனுப்பவில்லை. குறைந்த எண்ணிக்கையை வெளி ஆளிடம் மறைக்காமல் காட்டினார்களே, அதற்காகவே அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.

வேலைக் கடிதத்தை மட்டும் இவர்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இருக்கும் கம்பெனி என்றால், பிள்ளைகள் சம்மதத்தோடு பாஸ்புக்கைப் பார்க்கிறார்கள். எந்த மாதம் பணம் ஏறியது, எந்த மாதம் நின்றது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். சௌகார்பேட்டையில் நாலு பேர் இருக்கும் கடையில் சேர்ந்த பையனுக்குப் பாஸ்புக் இருக்காது. அவனுக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும். அதையும் செய்கிறார்கள்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பளச் சீட்டு படிக்கக் கற்றுக்கொடுத்த வகுப்பு. அடிப்படைச் சம்பளத்தில் பி.எஃப்.க்கு 12 சதவீதம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், இதெல்லாம் போக மிச்சம் கைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வைத்தார்கள். தம்பி மகனுக்கு இது ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் போதும். டேலி கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. எல்லாம் மற்ற இடத்தில் இருப்பதுபோலத்தான். கல்லூரியில் அரசின் 'நான் முதல்வன்' திட்ட வகுப்பில் ஓரளவு பார்த்திருந்ததால் அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மாதிரி நேர்காணலைச் சொல்ல வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று ஊர் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம். குரல் தாழாமல் முகவரியைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக அவர்களைத் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். இந்தப் பலனுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. ஆனால் நேர்காணலுக்குப் போகும் முன்னும் பின்னும் அவளைப் பார்த்த எனக்குத் தெரியும்.

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் பக்கம் போகும் வண்டி மாறி, பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். ஆறு மாதம் தாண்டியதும் மாதவரத்தில் சம்பளம் அதிகமாக ஒரு வேலை கிடைத்து மாறிவிட்டாள். பதிவேட்டில் அவளுக்கு நேரே 'விலகினார்' என்று எழுதிவிட்டார்கள். முன்னேறிப் போனவளும் மனசு வெறுத்து நின்றவனும் ஒரே கட்டத்திலா என்று நேரில் போய்க் கேட்டேன். பொறுப்பாளர் யோசித்துவிட்டு, 'வேறு வேலைக்கு மாறியவர்' என்று தனிப் பத்தி போட்டார்.

இன்னும் இரண்டு குறைகள் இருக்கின்றன. சேரும் நாளில் ஒருவர் எவ்வளவு சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டு எழுதுவதில்லை. அவள் பேட்சில் ஒரு பையன் ஏற்கெனவே உணவு டெலிவரி செய்துகொண்டிருந்தவன். பயிற்சிக்குப் பிறகு கிடைத்த அலுவலக வேலையில் சம்பளம் அதைவிடக் குறைவு. நிரந்தர வேலை, இ.எஸ்.ஐ. உண்டு என்பதால் அவன் விரும்பித்தான் போனான். ஆனாலும் முந்தைய வருமானத்தை எழுதி வைக்காவிட்டால் அவனுக்கு லாபமா நஷ்டமா என்று பிறகு யார் சொல்ல முடியும்?

இரண்டாவது, இடமில்லாமல் காத்திருப்போர் பட்டியலில் நிற்பவர்களையும் ஆறாம் மாதம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர்களில் பலர் தாங்களாகவே வேலை தேடிச் சேர்ந்திருப்பார்கள். அதைக் கழித்தால்தான் மையத்தால் வந்த பலன் எவ்வளவு என்று தெரியும். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றால் வேகமான பிள்ளைகளே உள்ளே போய்விடுவார்கள், ஒப்பிட முடியாது. இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல் போடலாம் என்று சொன்னேன். பொறுப்பாளர் அப்போது கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதிய நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் பயன்படுத்துகிறார்களா, கடைசியில் என்ன மாறியது. பணம் தருபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். போன் செய்யவென்று ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டால் தர மறுக்கிறார்களாம். என்னைக் கேட்டால், புதுக் கம்ப்யூட்டரைவிட அந்த ஆள்தான் முக்கியம்.

மையம் முதல் மாடியில். படி குறுகல், கைப்பிடி ஒரு பக்கம்தான். நடக்கச் சிரமப்படுபவர்கள் ஏறவே முடியாது, இதை உடனே சரிசெய்ய வேண்டும். வகுப்பு மாலை ஐந்தரை முதல் ஏழரை. பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிகிரி யாரும் சேரலாம். ஆதார், மார்க் ஷீட் நகல் போதும், கட்டணம் இல்லை. டி.என்.பி.எஸ்.சி.க்கு இங்கே பயிற்சி கிடையாது. அதற்குக் கிண்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தைக் கேளுங்கள், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே மெட்ரோவில் போய்விடலாம்.