வீட்டில் பெயின்ட் அடித்த மாருதி 800: சில வருஷம் ஓடிய பிறகு

புது பெயின்ட் முதல் மாதம் யார் அடித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். சென்னை வெயிலையும் ஐப்பசி மழையையும் சில வருஷம் தாங்கிய பிறகு என் வெள்ளை மாருதி எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

பானட், கூரை, கதவுகள் எல்லாம் இன்னும் பளபளப்பு குறையாமல் இருக்கின்றன. அங்கே அடித்தது ஹார்டனர், அதாவது பெயின்ட்டை இறுகவைக்கும் திரவம், கலந்த 2கே பியூ (பாலியூரிதேன்) பெயின்ட். பெட்ரோல் மூடிக்குக் கீழே மட்டும் சாதாரண ஸ்பிரே டப்பாவில் டச்சப். ஒருநாள் பங்கில் பெட்ரோல் வழிந்ததைத் துடைத்தேன். துணியோடு வெள்ளையும் வந்துவிட்டது. ஹார்டனர் இல்லாத பெயின்ட் காய்ந்த பிறகும் பெட்ரோலில் இளகும்.

கொப்பளம் வந்தது ஒரே இடத்தில்: இடது கதவின் கீழ் விளிம்பு. முன்பு ஒரு பட்டறையில் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, பார்த்த இடம் அது. சுரண்டினால் பட்டி அப்பளம் போல் பெயர்ந்தது, அடியில் செம்பழுப்புத் துரு. பட்டி தண்ணீரை உறிஞ்சும். பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்காத பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், அந்த ஈரம் உள்ளேயே தங்கி தகரத்தைத் தின்னும். பட்டியை 80, 180, 320 நம்பர் என்று காய்ந்த நிலையிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பர், அதாவது 600, 800 நம்பர் எல்லாம், பிரைமருக்கு மேல்தான்.

மேலே தெரியும் குறைகளுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, சின்ன வழிசல் எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் 2000 நம்பர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்டில் போய்விடும். ஆனால் டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிக்கான் தகரத்தில் ஒட்டியிருந்தால் பெயின்ட் குழி குழியாக விலகி நிற்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. இது வராமலிருக்க, அடிப்பதற்கு முன்பே மெழுகு நீக்கியை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கடலோர ஊர்க்காரர்கள் பெயின்ட் கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரஷரின் டேங்கில் சேரும் தண்ணீரை அடிக்கடி திறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் வேலையைத் தொடவே வேண்டாம். தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பெயின்ட் பால் மாதிரி வெளுத்துவிடும்.

அப்புறம், கைக்குட்டை கட்டிக்கொண்டு 2கே அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவையே கொண்டுவரும். துணி மாஸ்க்கால் ஒரு பயனும் இல்லை. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி கிடைக்காவிட்டால், தேய்க்கும் வேலையை மட்டும் வீட்டில் முடித்துவிட்டு அடிப்பதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தேய்க்கிற கூலியாவது மிச்சமாகும்.

மெட்டாலிக் கலர் வண்டிக்கும் இதையே சொல்வேன். கை வேகம் கொஞ்சம் மாறினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். நிறத்தையே மாற்றுவதானால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். நான் பழைய வெள்ளையையே அடித்ததால் ஆர்டிஓ அலைச்சல் இல்லை.