கீல் டை செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள் (3,80,000 போனது)

நேற்று மாலை எங்கள் புகாரை மூடிவிட்டார்கள். "தங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டது" என்று ஒரு வரி. எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கிய நான்கு டையும் (பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் மாட்டித் தகட்டை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் எஃகு அச்சுகள்) தரையில் எண்ணெய் வடித்துக்கொண்டு கிடக்கின்றன. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய இயந்திரம், டை, பிரஸ் எல்லாம் வாங்கவும் விற்கவும் ஒரு இணையதளம். பெயர் சொல்லப் போவதில்லை. இப்படிப் பத்து தளம் இருக்கிறது, எதில் வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும் என்பதால் வகை தெரிந்தால் போதும். விற்பனைக்கு வந்தது 100 மி.மீ. கதவுக் கீலுக்கான முழு செட்: 2 மி.மீ. தகடு, ஐந்து கணு (ஓரத்தில் சுருட்டிய குழல்), அவற்றுக்குள் ஓடும் 6 மி.மீ. பின் என்ற அச்சுக் கம்பி. மூன்று கணு இலைக்கு (இலை என்பது கீலின் ஒரு பக்கத் தகடு) ஒரு வெட்டும் டை, இரண்டு கணு இலைக்கு இன்னொன்று, ஓரத்தை முதலில் வளைக்க ஒரு டை, கடைசியாகச் சுருட்டி மூட ஒரு கர்லிங் டை. எல்லாம் டி2 என்ற கருவி எஃகு, 58 முதல் 60 எச்ஆர்சி (ராக்வெல் அளவில்) கடினம் என்று எழுதியிருந்தது.

நம்பியது எந்த இடத்தில் என்றால், வீடியோ அழைப்பில்தான். பிரஸ் முன்னால் ஒருவர் நின்று, வெட்டிய இலை ஒன்றைக் கர்லிங் டையில் வைத்தார், பெடலை மிதித்தார், எடுத்தார். மற்ற இலையோடு சேர்த்துப் பின்னைக் கட்டைவிரலால் தள்ளினார். சுத்தியல் இல்லை. ஒரு இலையைப் பிடித்துத் தூக்கியதும் இன்னொன்று தன் எடையிலேயே மெதுவாக இறங்கி மூடியது. கீல் செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த இறக்கத்தைப் பார்த்தால் வேறெதுவும் கேட்கத் தோன்றாது. அடுத்த வாரம் கூரியரில் இரண்டு சாம்பிளும் வந்தன. பின் துளை 6.12, கணு இடைவெளி 0.25, எல்லாம் கச்சிதம். அன்றைக்கே 60 சதவீதம், அதாவது 2,28,000 போனது. லாரியில் ஏற்றுவதற்கு முன் மீதி 1,52,000. ஆக 3,80,000.

அந்த வீடியோவில் ஒரு விஷயம் அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். தகட்டுப் பட்டை வெட்டும் டைக்குள் போவதை அவர்கள் காட்டவே இல்லை. ஏற்கெனவே வெட்டி வைத்த இலையைத்தான் கையில் எடுத்தார்கள்.

டை வந்ததும் முதல் ஐம்பது அடி (பிரஸ் ஒரு தடவை இறங்கினால் ஒரு அடி) பரவாயில்லாமல் போனது. நானூறாவது அடியில் இலையின் ஒரு பக்கம் பிசிறு, அதாவது வெட்டிய ஓரத்தில் துருத்தும் கூர்விளிம்பு, 0.25 மி.மீ. 2 மி.மீ. தகட்டில் 0.1-க்கு மேல் போனாலே சாணை பிடிக்கிற கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே ஆயிரம் அடிகூட ஆகவில்லை. பஞ்சை (தகட்டை டைக்குள் தள்ளி வெட்டும் மேல் துண்டு) கழற்றி, ஓரத்தில் நுண் அரத்தை வைத்து ஒரு இழு இழுத்துப் பார்த்தோம். 58-க்கு மேல் கடினமான எஃகு என்றால் அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே அரம் கடித்தது. பல்லில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. கருவி வைத்து அளந்தால் 41, 43, ஓரிடத்தில் 38. சூடேற்றிச் சரியாகக் கடினப்படுத்தவில்லை.

அடுத்தது கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி. மென் எஃகுத் தகட்டுக்கு ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 8 சதவீதம், 2 மி.மீ.க்கு 0.10 முதல் 0.16 வரை. இந்த டையில் இடப்பக்கம் 0.05, வலப்பக்கம் 0.28. வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே தெரிகிறது: ஒரு பக்கம் பளபளப்பான பட்டை முக்கால் தடிமனுக்கு ஓடுகிறது, எதிர்ப்பக்கம் விளிம்பு உருண்டு, கிழிந்த மாதிரி சொரசொரப்பு, கூடவே பிசிறு. டையின் மேல் பாதியை நேராக இறக்கும் தூணும் அதன் உறையும், அதாவது பில்லரும் புஷ்ஷும், கையால் அசைத்தாலே ஆடின. பில்லர் ஆடுகிற டையில் பஞ்சை எத்தனை தடவை சரிசெய்தாலும் அடுத்த அடியில் ஓடிவிடும்.

இதெல்லாம்கூட காசு போட்டுச் சரிசெய்யக் கூடிய விஷயம். கர்லிங்தான் சரிசெய்யவே முடியாதது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

காயில் (சுருளாக வரும்) தகட்டில், ஆலையில் உருட்டிய திசை அதன் நீளவாக்கில் ஓடும். கணுவின் வளைவுக் கோடு அந்தத் திசைக்குக் குறுக்கே விழ வேண்டும். இலை 100 மி.மீ. உயரம், விரித்த அகலம் சுமார் 62. ஆகவே 104 மி.மீ. அகலப் பட்டையை ஒவ்வொரு அடிக்கும் 64 மி.மீ. படியாகத் தள்ளினால் வளைவு சரியான திசையில் வரும். இவர்கள் டையை 66 மி.மீ. பட்டைக்கு, 102 மி.மீ. படிக்கு அடித்திருக்கிறார்கள். அதாவது வளைவுக் கோடு உருட்டிய திசையோடு இணையாக ஓடுகிறது. நல்ல மென் தகட்டில் 3 மி.மீ. உள் ஆரத்துக்கு இது ஒன்றால் மட்டும் வெடித்துவிடாது. ஆனால் பிசிறும் வெளிப்பக்கம் வந்தால் வெடிக்கும். பிசிறுள்ள விளிம்பு சுருளின் உள்ளே, அமுங்குகிற பக்கம் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் இழுபடும்போது பிசிறின் ஒவ்வொரு பல்லிலிருந்தும் விரிசல் தொடங்கும். போதாக்குறைக்கு அது டையின் குழிவையும் உழுதுவிடும்.

இங்கே பிசிறு வெளியேதான் வருகிறது. சரி, இலையைத் திருப்பிப் போட்டால் ஆயிற்றே என்பீர்கள். நாங்களும் அதைத்தான் நினைத்தோம். திருகாணித் துளைகள் நான்கும் ஏறுமாறாக இருக்கின்றன, கர்லிங் டையின் இருப்பிட ஊசிகள் அந்தத் துளைகளில் உட்காருகின்றன. திருப்பினால் ஊசி ஏறாது. வெட்டும் டை ஒருவர் செய்தது, கர்லிங் டை வேறொருவர் செய்தது, இருவரும் பேசிக்கொண்டதே இல்லை என்று அங்கேதான் புரிந்தது.

கர்லிங் டையின் குழிவை ஆர அளவி வைத்துப் பார்த்தால் 5.5. பின் 6, தகடு 2 என்றால் கணுவின் வெளி ஆரம் 5. குழிவை அதற்கு ஒரு முடி குறைவாக, 4.9 அளவில் வைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். தகடு விரிந்து 5-க்கு வந்து நிற்கும். இங்கே மில்லிங் கட்டர் போன தடம் விரலில் இடறுகிறது. எண்ணெய் ஊற்றி அடித்தும் தகட்டில் கோடு விழுந்தது. முதல் வளைவும் போதவில்லை. ஓரத்தின் கடைசி 3 மி.மீ. நேராகவே நின்றுவிட்டதால், மூடிய கணு வட்டமாக இல்லாமல் பேரிக்காய் வடிவில், வாயில் 1.2 மி.மீ. இடைவெளியோடு வந்தது. பத்துக்கு மூன்று கீலில் பின் ஏறவில்லை, ஏறியதில் பாதி இறுகிக்கொண்டது.

விரித்த அகலமே ஊகம்தான். கணுவில் தகட்டுத் தடிமனின் நடு வரைக்குமான ஆரம் 4 என்று வைத்தால் முழுச் சுற்று 25.1 மி.மீ. என்று கணக்கு வரும், ஆனால் சுருட்டும்போது தகடு எவ்வளவு அமுங்குகிறது என்பது அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கர்லிங் டையை முதலில் முடித்து, லேசரிலோ வயர்கட்டிலோ வெட்டிய இலைகளைச் சுருட்டிப் பார்த்து, அந்த அளவை வைத்துத்தான் வெட்டும் டையை அடிப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். "30 டன் பிரஸ்ஸே போதும்" என்று சொன்னவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? மூன்று கணு இலையின் சுற்று 428 மி.மீ., நான்கு துளைக்கு 69, மொத்தம் 497. தடிமன் 2, வெட்டு வலிமை சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன் என்று பெருக்கினால் வெட்டுவதற்கே 30 டன் ஆகிவிடுகிறது. பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்றும் ஸ்ட்ரிப்பர் விசை அதற்கு மேல். எங்களிடம் இருப்பது 50 டன், அதனால் பிரஸ் தப்பித்தது.

அப்படியானால் அந்தச் சாம்பிள் எங்கிருந்து வந்தது? இரண்டையும் பக்கத்தில் வைத்து விரல் நகத்தால் தடவிப் பார்த்தோம். எங்களுக்கு வந்த டை இரண்டு நிலை கொண்டது: முதலில் துளை, அடுத்த படியில் இலை. அப்படி வெட்டினால் துளையின் பிசிறு ஒரு முகத்திலும் இலை விளிம்பின் பிசிறு எதிர் முகத்திலும் வரும். சாம்பிளில் இரண்டும் ஒரே முகத்தில். அது துளையையும் விளிம்பையும் ஒரே அடியில் வெட்டுகிற காம்பவுண்ட் டையில் வந்த இலை. இந்த டையில் அது வந்திருக்கவே முடியாது. பணம் அனுப்பிய அன்று அந்தச் சாம்பிள் எங்கள் கையில்தான் இருந்தது. மூன்று லட்சத்து எண்பதாயிரத்தை நகத்தின் நுனியில் வைத்துக்கொண்டே தொலைத்திருக்கிறோம்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. முதல் போனில் விற்றவர்: "அண்ணே, தகடு ஹார்டா இருக்கும், மாத்திப் பாருங்க." மாற்றினோம். அடுத்தது: "உங்க ஆப்பரேட்டருக்கு செட்டிங் பிடிபடல போல." பிறகு டையின் மூடிய உயரம் (முழுதாக இறங்கி மூடிய நிலையில் அதன் உயரம்) சொன்னதைவிட 15 மி.மீ. குறைவாக இருந்ததால் அடியில் பேக்கிங் தட்டு வைத்ததைச் சொல்லிவிட்டோம், பிடித்துக்கொண்டார். "பேக்கிங் வச்சதாலதான் அண்ணே எல்லாம் ஓடுது." உயரத்தைத் தப்பாகச் சொன்னது யார்? அதற்குப் பதில் இல்லை. கடைசியாக, "ரெண்டாயிரம் பீஸ் ஓட்டுங்க, தானா செட் ஆயிரும்." தேய்ந்த டை ஓட ஓடச் சரியாகும் என்று வேறு யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

தளம் அதற்கு மேல். சரக்கு இறங்கிய மூன்று நாளைக்குள் புகார் சொல்ல வேண்டுமாம். நான்கு டையையும் பிரஸ்ஸில் ஏற்றி, உயரம் சரிசெய்து, பட்டை வெட்டி வரவழைத்து ஓட்டவே ஐந்து நாள் ஆனது. அளவுப் படங்கள், பிசிறு படம், கடினச் சோதனைத் தாள், விரிசல் படம் எல்லாம் அனுப்பினோம். "வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பதோடு எங்கள் பொறுப்பு முடிகிறது" என்று அதே வாசகம் மூன்று தடவை, மூன்று வேறு ஆட்களிடமிருந்து. நான்காவது தடவை டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். 3,80,000 என்று எழுதினால் அவர்கள் பக்கத்தில் யாருக்கும் அது எண்ணாகவே தெரியவில்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

பஞ்சிலும் டையிலும் அரம் வைத்துப் பாருங்கள், அல்லது விற்பவரை வீடியோவில் வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வேண்டாம் என்றால் பின்பக்கத்தில். மீதிப் பணத்தைப் பிரஸ்ஸில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தருவேன் என்று எழுத்தில் வாங்குங்கள். புகார் நாள் கணக்கு சரக்கு இறங்கிய அன்று தொடங்குகிறதா, ஓட்டிய அன்றா என்று படியுங்கள்.

கீலைச் சாம்பிளாக வாங்காதீர்கள். உங்கள் தகட்டில் கையெழுத்துப் போட்டு இரண்டு மீட்டர் பட்டை அனுப்புங்கள், அதில் ஓட்டச் சொல்லுங்கள். இலைகளோடு வெட்டியதுபோக மிஞ்சிய ஓட்டைப் பட்டையையும் திருப்பிக் கேளுங்கள். படி எவ்வளவு, எந்தத் திசையில் வெட்டியிருக்கிறது, துளைப் பிசிறு எந்த முகத்தில், எல்லாம் அந்தக் கழிவில் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்று சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.