பழைய மஸ்டாங்கும் ஒரு விரல் கண்ணாடியும்

கோலாலம்பூர் செகாம்புட் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பினாங்கில் இருக்கும் நண்பன் ஒருவன், "மஸ்டாங் விலை நல்லா இறங்கிடுச்சாமே மச்சான், வாங்கலாமா?" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். அவனுக்கும் சேர்த்துத்தான் இது.

வண்டி ஃபோர்டு மஸ்டாங், 2.3 லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ இயந்திரம், ஆட்டோ கியர், செகண்ட் ஹேண்ட். பெட்ரோல் நிலையத்தில் "வி எய்ட்டா அண்ணே?" என்று கேட்காத ஆள் கிடையாது. நாலு சிலிண்டர் என்றதும் முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டும். அவர்கள் கேட்கும் எட்டு சிலிண்டர் 5.0 வண்டிக்குத் தீபகற்ப மலேசியாவில் சாலை வரி ஆண்டுக்கு 10,900 வெள்ளி (ரிங்கிட்) சொச்சம், 2.3க்கு 650 வெள்ளிக்குள் முடிந்துவிடும். 3,000 சிசியைத் தாண்டிவிட்டால், மேலே வரும் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி என்று வரி ஏறுகிறது. முகம் சுருக்கியவர்கள் யாரும் அதைக் கட்ட வரப்போவதில்லை.

அமெரிக்க வண்டி என்றாலே பட்டறையில்தான் கிடக்கும் என்று என் மாமா முதற்கொண்டு எல்லோரும் எச்சரித்தார்கள். இயந்திரத்தைப் பொறுத்தவரை அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டைமிங் பெல்ட் இல்லை, செயின். மாற்றும் கவலை கிடையாது. டர்போ இருப்பதாலும் நம் ஊர் வெயிலாலும் ஜாலான் கூச்சிங் சாலை நெரிசலாலும் புத்தகம் சொல்வதற்கு முன்பாகவே எண்ணெய் மாற்றிவிடுகிறேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை ஊர்ந்துகொண்டே போகும்போதுகூட வெப்பமுள் நடுவைத் தாண்டியதில்லை. பெட்ரோலும் ரோன் 95 (ஆக்டேன் எண்) போதும். அமெரிக்கக் கையேட்டில் 87 என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே எண் கணக்கிடும் முறை வேறு, நம் கணக்கில் அது 91, 92 வாக்கில் வரும். முழு வேகமும் வேண்டுமென்றால் 97 ஊற்றலாம். அரசு மானியத் திட்டமான புடி 95இல் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கும்போது எனக்கு அந்த ஆசை வருவதில்லை.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் லாரிகளைத் தாண்டும்போது இது தரும் சுகமே தனி. காலை லேசாக வைத்தால் போதும், முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்திவிடும். அந்த நேரத்தில் கேட்கும் உறுமலில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வருவது என்பது தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறதே தவிர கோபம் வரவில்லை.

கோபம் எல்லாம் கதவுக் கண்ணாடி மேல்தான்.

இந்த வண்டியின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. மூடியிருக்கும்போது கண்ணாடியின் மேல் விளிம்பு கூரை ஓரத்து ரப்பருக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும். கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல் அளவு தானாக இறங்கி ரப்பரை விட்டு வெளியே வரும், அப்புறம்தான் கதவு திறக்கும். மூடியதும் மறுபடி ஏறி உள்ளே போய்விடும். இரண்டு கதவு வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். புதிதில் பார்க்க அழகு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் கண்ணாடியை ஓட்டும் மோட்டார் இரண்டு தடவை ஓடுகிறது. இங்கே வெயிலில் நிற்கும் வண்டியில் ரப்பர் காய்ந்து கண்ணாடியைப் பிடிக்க ஆரம்பிக்கும். பேட்டரி கொஞ்சம் சோர்ந்தாலும் கண்ணாடி இறங்க யோசிக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தன் மேல் எல்லையையே மறந்துவிடும். முழுக்க ஏற்றி, பட்டனை விடாமல் சில நொடி பிடித்து, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றிப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல்.

என் வண்டியில் வலப்பக்கக் கண்ணாடி இறங்கும், ஏறாது. ஒரு விரல் சந்து அப்படியே நிற்கும். கோலாலம்பூரில் மாலை மழைக்கு அந்தச் சந்து தாராளம். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் இருக்கை ஓரத்திலிருந்து ஈரம் கால்சட்டைக்கு ஏறும். அப்புறம் ஒருநாள் நேர்மாறாக, ஏறியது இறங்கவில்லை. மாலில் கார் நிறுத்துமிடத்து இயந்திரத்தில் அட்டை தட்டக் கண்ணாடி வேண்டும்; கதவைத் திறந்து தட்டலாம் என்றால் இதன் கதவு நீளத்துக்கு அந்த இடம் பத்தாது. பின்னால் ஹார்ன். பாதிக் கதவைத் திறந்து, பக்கவாட்டில் சரிந்து, விரல் நுனியில் அட்டையைப் பிடித்து நீட்டியதைப் பின்னால் இருந்தவர் கைப்பேசியில் படம் பிடித்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஃபோர்மன், அதாவது பட்டறை மெக்கானிக், கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சுண்ணே" என்றான்.

"ஹாஃப் கட் கடையில், பழைய உதிரி பாகம் விற்கும் இடத்தில், கிடைக்காதா தம்பி?"

"நம்ம ஊர் மைவி காருக்குக் கேளுங்க, பத்து எடுத்துத் தரேன். இதுக்கு எங்கண்ணே போறது?"

இதுதான் உண்மையான செலவு. பணம்கூட இல்லை, காத்திருப்பு. இணையத்தில் ஒரு கடையில் வரவழைத்தோம். ஓட்டுநர் பக்கம் என்று கேட்டோம், இடக் கதவுக்கான மோட்டார் வந்து இறங்கியது. அமெரிக்காவில் ஓட்டுநர் உட்காருவது அந்தப் பக்கம்தானே. திருப்பி அனுப்பி, மறுபடி காத்திருந்து, அதுவரை கண்ணாடிக்கு மேல் குப்பைப் பையை ஒட்டி ஓட்டினேன். மஸ்டாங்கில் குப்பைப் பை. சிக்னலில் பக்கத்தில் நின்ற கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) காரர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் இது வயதான வண்டியில் தேய்ந்துபோன ஒரு மோட்டார், அவ்வளவுதான். முன்பு வைத்திருந்தவர் ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் என்று ஒன்று போடலாம் என்பதையே கேள்விப்படாதவர் போலிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணியில் தொட்டுத் தடவினாலே பாதிப் பிரச்சினை வராது. நியாயம் சரி. ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது கடினம்.

மற்றவை சுருக்கமாக. பின் இருக்கை பிள்ளைகளுக்கே பத்தாது. விபத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் 2017 ஜனவரியில் இந்தத் தலைமுறை மஸ்டாங்குக்கு இரண்டே நட்சத்திரம் கொடுத்தது, திருத்திய பிறகு அதே ஆண்டு மூன்று. குடும்ப வண்டி தேடுபவர்கள் இதையும் கணக்கில் வைக்கவும். தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வரத் தொடங்கியது இந்தத் தலைமுறையில்தான். அதற்கு முந்தியவை வெளியே மாற்றிக் கட்டியவை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆக, இயந்திரம் தங்கம், கியர் சுத்தம், வரி தாங்கும், மலை ஏறினால் மனசு நிறையும். நண்பனுக்கு என் பதில்: வாங்காதே.

கேட்க மாட்டாய், தெரியும். பார்க்கப் போவதென்றால் மாலை நாலு மணிக்கு மேல், மேகம் கூடிய நாளாகப் போ. பானெட்டை அப்புறம் திறக்கலாம். முதலில் இரண்டு கதவின் கைப்பிடியையும் பத்துப் பத்து தடவை இழுத்து மூடி, கண்ணாடியையே பார். ஒரு தடவை தயங்கினாலும் விலையில் இரண்டாயிரம் வெள்ளி குறைத்துக் கேள். குறைக்காவிட்டால் எழுந்து வந்துவிடு.